எஃப்-டைப்காரர் விற்ற டோக்மா: பழைய கார்பன் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிறு காலை ஈசிஆரில் கார் ஓட்டும் கூட்டத்தில் யாரிடமாவது பழைய ரோடு பைக், அதாவது ரேஸ் சைக்கிள், வாங்கும் யோசனை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். விற்றவர் பெயரைப் போடவில்லை. புகார் ஸ்டேஷனில் இருக்கிறது, வக்கீல் வாயைக் கட்டச் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் 2014 மாடல் போர்ஷே கேமன் இருக்கிறது. நான் மூன்றாவது ஓனர். அதை வாங்கும்போது பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டரை ஒவ்வொரு பேனலிலும் வைத்துப் பார்த்தேன். சர்வீஸ் ரெக்கார்டை வரி வரியாகப் படித்தேன். லிஃப்டில் ஏற்றி அடியில் டார்ச் அடித்தேன். விற்றவர் கடுப்பாகும் அளவுக்கு இரண்டு வாரம் இழுத்தடித்தேன். அதே நான், 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு ஒரு சைக்கிளை அரை மணி நேரத்தில் வாங்கினேன். விற்றவரிடம் ஜாகுவார் எஃப்-டைப் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. அவ்வளவுதான் நான் செய்த ஆராய்ச்சி.

ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியமும் ரோடு பைக் பைத்தியமும் ஒரே ஆளைப் பிடிப்பது வெளியே இருப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். "கார் இருக்கிறவனுக்கு சைக்கிள் எதுக்குடா?" என்று என் அத்தை இன்னும் கேட்கிறார். ஆனால் இரண்டு பக்கமும் பேச்சு ஒன்றுதான்: எடை, காற்று, கார்பன். கம்பெனிகளுக்கும் இது தெரியும். இத்தாலியின் சைக்கிள் கம்பெனி கோல்னாகோ 1980களிலேயே ஃபெராரி பொறியாளர்களோடு சேர்ந்து கார்பனில் வேலை செய்தது. 2011இல் ஸ்பெஷலைஸ்டு தன் வெஞ்ச் சைக்கிளை மெக்லாரனோடு சேர்ந்து கொண்டுவந்தது. 2014இல் வந்த பினாரெல்லோ டோக்மா எஃப்8இன் காற்றியல் வேலையில் ஜாகுவாருக்குப் பங்கு உண்டு. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் ஃப்ரூம் அதில்தான் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார். இதெல்லாம் நிஜம். நம்ம ஆளின் சாமர்த்தியமே அதில்தான் இருந்தது. சொன்ன கதை முழுக்க நிஜம், கொடுத்த சரக்கு மட்டும் பொய்.

கோவளம் தாண்டி எல்லோரும் காபிக்கு நிறுத்தும் இடத்தில்தான் வியாபாரம் நடந்தது. எஃப்-டைப்பின் பக்கத்தில் கறுப்பு சிவப்பில் டோக்மா எஃப்8. "ப்ரோ, காரும் ஜாகுவார், சைக்கிளும் ஜாகுவார். ரெண்டும் ஒரே ரத்தம்" என்றார். கியர் செட் ஷிமானோவின் டூரா-ஏஸ், அது அசல்தான், இப்போதும் சொல்கிறேன். கையில் எடுத்துக் கிளிக் கிளிக்கென்று மாற்றிப் பார்த்ததும் எனக்குப் பாதி மயக்கம். பில் கேட்டேன். "துபாய்ல இருந்தப்ப வாங்கினது, வீட்ல எங்கேயோ இருக்கு, அனுப்புறேன்." யுபிஐயில் ஒரு லட்சம் போட்டேன், மீதியை மறுநாள் ரொக்கமாகக் கொடுத்தேன். அந்த பில் இன்னும் வீட்டில் எங்கேயோதான் இருக்கிறது.

மூன்றாவது வாரம் பெடலை அழுத்தினால் அடியிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. திருவான்மியூர் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்கைக் கழற்றிவிட்டு, பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் வலது பக்கக் கப்பில் கருவியை மாட்டி இடப்பக்கமாகத் திருப்பினார். அசையவில்லை. உடம்பையே சாய்த்து அழுத்தினார். அப்போதும் இல்லை. நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டு கப்புக்கும் நடுவில் ஷெல்லை, அதாவது பிரேமில் கப்புகள் மாட்டும் குழாயை, அளந்தார். 68 மில்லிமீட்டர். இன்னொரு தடவை அளந்தார்.

"சார், இத எங்க வாங்கினீங்க?"

அப்புறம் கருவியை வலப்பக்கமாக ஒரு தட்டு தட்டினார். கப் கழன்று கையில் வந்தது.

விஷயம் இதுதான். டோக்மா எஃப்8இல் கப் மாட்டும் மரை இத்தாலியன் திரெட். ஷெல் அகலம் 70 மில்லிமீட்டர், இரண்டு பக்கக் கப்பும் சாதாரண போல்ட் மாதிரி இடப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இங்கிலீஷ் திரெட்டில் அகலம் 68, வலது கப் மட்டும் தலைகீழ். என்னுடையதில் இருந்தது அதுதான், ஆக அது டோக்மாவே இல்லை. இந்தத் தம்பி அசல் டோக்மா ஒன்றை சர்வீஸ் செய்திருக்கிறார், அதனால் பழக்கத்தில் இத்தாலியன் என்று நினைத்துத் திருப்பினார். டோக்மா பழகாத கை என்றால் இங்கிலீஷ் என்றே நினைத்து சாதாரணமாகக் கழற்றி, கிரீஸ் போட்டு மாட்டிக் கொடுத்திருக்கும், எனக்கும் தெரிந்திருக்காது.

ஷெல்லுக்குள் டார்ச் அடித்தார். உள்பக்கம் கார்பன் காய்ந்த வாழைச்சருகு மாதிரி சுருங்கிக் கிடந்தது. அச்சுக்குள் ஊதும் பிளாஸ்டிக் பையின் கிழிசல் ஒன்று ஓரமாக ஒட்டியிருந்தது. மட்டமான வேலை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை இறக்கச் சொன்னேன். அதன் மேலே ஹேண்டில்பாருக்குப் போகும் ஸ்டீரர் குழாயின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு. கீறல் என்று நினைத்துத் தடவினேன், நகம் மாட்டியது. விரிசல். முந்தின ஞாயிறு முட்டுக்காடு பாலத்தில் பின்காற்றோடு 46 கிலோமீட்டர் வேகத்தில் போயிருந்தேன், வலது பக்கம் அரசுப் பேருந்து. அன்றைக்கு அந்தக் கடை ஸ்டூலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும் கழற்றி வெறும் பிரேமைத் தராசில் வைத்தோம். 54 அளவுக்கு, பெயின்ட் இல்லாமல், பினாரெல்லோ சொன்னது 860 கிராம். பெயின்டுக்கு எவ்வளவு கழித்தாலும் என்னுடைய 1,190 கிராம் கணக்கில் வரவில்லை. சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐயின் ஒப்புதல் ஸ்டிக்கர் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஸ்டிக்கர் அச்சடிக்க எவ்வளவு ஆகப் போகிறது?

போன் செய்தேன். முதலில் "மெக்கானிக் பசங்க இப்படித்தான் ப்ரோ, அவன்கிட்ட வாங்கலன்னா போலின்னுவான்." படங்களை அனுப்பினேன். "நானும் ஏமாந்தவன்தான் ப்ரோ." கார் குரூப்பில் போட்டேன். தனிப்பட்ட பிரச்சினை இங்கே வேண்டாம் என்று அட்மின் அழித்துவிட்டார். அந்த அட்மின் போன மாதம்தான் கேமனுக்கு நல்ல டயர் எது என்று என்னோடு ஒரு மணி நேரம் பேசினார். ஆனால் அழிப்பதற்குள் இரண்டு பேர் பார்த்துவிட்டு எனக்குத் தனியாக எழுதினார்கள், ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் நம்ம அடையாறு. வேறு பிராண்டு, அதே துபாய், வீட்டில் எங்கேயோ இருக்கும் அதே பில். ஏமாந்தவர் மூன்று சைக்கிளில் ஏமாந்திருக்கிறார் போல.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. "சைக்கிளுக்கு மூணரை லட்சமா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த ஏட்டையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். சரி, அதையும் வாங்கிக்கொண்டேன். மனுவை எடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார், அதற்கு நன்றி. பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. ஆனால் ரொக்கமாகக் கொடுத்த 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. ஆக, காகிதத்தில் என் நஷ்டம் ஒரு லட்சம்தான்.

நீங்கள் வாங்கப் போனால் பணத்தை முழுக்க பேங்க் வழியாகக் கொடுங்கள். நாள் தள்ளிப் போனாலும் போகட்டும். வாங்குவதற்கு முன் கிராங்கைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும், ஃபோர்க்கையும் இறக்க வேண்டும். நல்ல மெக்கானிக்குக் கூடிப்போனால் ஒரு மணி நேர வேலை. நீங்கள் பார்க்கும் மாடலில் எந்த திரெட், ஷெல் எத்தனை மில்லிமீட்டர் என்று முதல்நாளே தெரிந்துகொண்டு போங்கள். "நம்பிக்கை இல்லையா ப்ரோ?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். நான் அந்தக் கேள்விக்குச் சிரித்தேன்.

போன வாரம் அவரே அழைத்தார். பிரேமைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுத்தால் ஒன்றரை லட்சம் தருகிறாராம். சேதமில்லாமல் என்பதை இரண்டு தடவை சொன்னார். அது அடுத்து யார் வீட்டுக்குப் போகும் என்று யோசித்தேன். அறுத்துப் போடலாம் என்றால் சாட்சியம், வக்கீல் விடமாட்டார். கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எனாமல் இருந்தது. பிரேமின் இரண்டு பக்கமும் பெரிதாக 'போலி' என்று எழுதி, படமெடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அடையாறு நண்பர் நேற்றுச் சொன்னார், அந்த எஃப்-டைப்காரரிடம் இப்போது ஒரு கோல்னாகோ விற்பனைக்கு வந்திருக்கிறதாம். பக்கத்தில் ஃபெராரி குதிரை இருக்கிறதாம்.