மிஞ்சிய ரோஸ்ட் மாட்டிறைச்சி: குருமாவா, கறித்தூளா, டால்சாவா?

பினாங்கில் எங்கள் பக்கத்துச் சில வீடுகளில், பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பின்போது தேங்காய்ப் பாலில் வற்றவைக்கிற ரெண்டாங்குக் கறிக்குப் பக்கத்தில் அவன் அடுப்பில் சுட்ட மாட்டிறைச்சியும் வைக்கிறார்கள். நறுக்கியதில் பாதி போகும், மீதி ஃப்ரிட்ஜுக்குள் போகும். மறுநாள் அதை வைத்துப் பிள்ளைகளும் வயதானவர்களும் சாப்பிடுகிற மாதிரி காரம் குறைந்த ஆணம் (குழம்பு) வைக்கலாம். குருமாவா, கறித்தூள் ஆணமா, பருப்பில் வைக்கிற டால்சாவா என்பதில்தான் வீட்டுக்கு வீடு பேச்சு வேறுபடுகிறது.

முதலில் இறைச்சியைப் பார்த்துவிடுவோம். ரோஸ்டுக்குப் பெரும்பாலும் வாங்குவது டாப்சைட் என்கிற தொடைப்பகுதி. அதில் கொழுப்பும் சவ்வும் குறைவு. சவ்வுள்ள கறியை மணிக்கணக்கில் மெதுவாக வேகவைத்தால் சவ்வு கரைந்து கறி மெத்தென்று ஆகும். டாப்சைடில் அப்படிக் கரைவதற்கு அதிகம் கிடையாது. சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நார்கள் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஒரு தடவை அவன் அடுப்பில் வெந்ததை மறுபடி அரை மணி நேரம் கொதிக்கவிட்டால், வாயில் மரத்தூள் மாதிரி இருக்கும். அதனால் இறைச்சி இல்லாமலேயே முழுதாக வெந்து ருசி சேர்ந்துவிடுகிற ஆணமாக இருக்க வேண்டும். இறைச்சி கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் உள்ளே போக வேண்டும். ரெண்டாங்கும் நாசி கண்டார் சோற்றுக் கடையில் கிடைக்கிற டாகிங் ஹீத்தாமும் (கறுப்பு மாட்டுக்கறி) இங்கே அடிபட்டுப் போவது இதனால்தான். அவை பச்சைக் கறியோடு சேர்ந்து வற்ற வேண்டியவை.

வெள்ளைக்காரர்கள் மிஞ்சிய ரோஸ்டைக் கறித்தூள் ஆணமாக்கியது பழைய வழக்கம். 1861-இல் லண்டனில் வந்த ஒரு பிரபலமான குடும்பச் சமையல் புத்தகத்தில், ஆறிய மாட்டிறைச்சித் துண்டுகள், வெண்ணெய், ரெண்டு வெங்காயம், ஒரு சின்ன கிளாஸ் பீர், ஒரு கரண்டி கறித்தூள் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. பீருக்குப் பதில் எலும்புச் சாறு ஊற்றி, ஒரு ஆப்பிளைத் துருவிப் போட்டால் நம் வீட்டுக்கும் சரிவரும். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், ரோஸ்டோடு மிஞ்சிய கிரேவியையும் இதிலேயே ஊற்றிவிடலாம். அதற்காகவே இதை ஒதுக்க மனம் வரவில்லை. ஆனால் நம் ஊரில் கிடைக்கிற இறைச்சிக் கறித்தூளில் மிளகாய் தாராளமாக இருக்கும். பிள்ளைகளுக்காகத் தூளைப் பாதியாகக் குறைத்தால் ஆணம் நீர்த்துப்போகிறது, அதைக் கெட்டியாக்க மாவு கரைத்து ஊற்ற வேண்டியிருக்கிறது. அந்த மாவு ருசி எனக்குப் பிடிப்பதில்லை. டோஸ்ட் ரொட்டியில் வைத்துச் சாப்பிட வேண்டுமானால் இதைச் செய்யுங்கள், சோற்றுக்கு வேண்டாம்.

என் ஓட்டு குருமாவுக்கு. கடைகளில் பாபாஸ், அடாபி என்று குருமாத் தூள் சுலபமாகக் கிடைக்கிறது. கொத்தமல்லி, சோம்பு, சீரகம், மிளகு இவைதான் அதற்கு அடிப்படை என்பதால் தூளைத் தாராளமாகப் போட்டாலும் மிளகாய்க் காரம் ஏறாது. காரத்தைக் குறைக்கும்போது கெட்டித்தன்மையும் கூடவே போய்விடுகிற சங்கடம் இங்கே இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்த இறைச்சியைச் சூடாக்கும்போது ஒரு பழைய வாடை எழும். கொழுப்பு காற்றுபட்டு மாறுவதால் வருவது அது, இறைச்சியிலுள்ள இரும்புச்சத்து அதை வேகப்படுத்துகிறது. நெய்யில் பொரிந்த பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ வாசத்துக்கு முன்னால் அந்த வாடை எடுபடாது.

நாலு பேருக்கு 400 கிராம் இறைச்சி போதும். நெய்யில் வாசனைப் பொருட்களைப் போட்டு, ரெண்டு பெரிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது, அப்புறம் தண்ணீரில் குழைத்த மூன்று மேசைக்கரண்டி குருமாத் தூள். எண்ணெய் பிரியும் வரை கிளற வேண்டும், இந்த இடத்தில் அவசரம் கூடாது. ரெண்டு உருளைக்கிழங்கு, தண்ணீர், கீறாத முழுப் பச்சை மிளகாய் ரெண்டு. கிழங்கு வெந்ததும் அரைத்த முந்திரியும் 200 மில்லி சந்தானும் (தேங்காய்ப் பால்) சேர்த்துக் கெட்டியாக விடுங்கள். இதற்குள் இறைச்சியின் மேல் கடுகும் ரோஸ்மேரியும் ஒட்டியிருந்தால் அதைச் சீவிவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்கி வைத்திருக்க வேண்டும். ரோஸ்டிலேயே உப்பு இருப்பதால், அது உள்ளே போய் ஐந்து நிமிடம் கழித்து ருசி பார்த்துவிட்டு ஆணத்துக்கு உப்புப் போடுங்கள். எலுமிச்சைச் சாறு இறக்கும்போது. வலை மாதிரி வார்க்கிற ரொட்டி ஜாலாவும் சரி, பேக்கரி ரொட்டியான ரொட்டி பெங்காலியும் சரி, இரண்டுக்கும் இது பொருந்தும்.

மஞ்சள் போட்டுச் சந்தானை மட்டும் நம்பி வைக்கிற சொதி மாதிரியான ஆணத்தையும் சிலர் சொல்வார்கள். மீனுக்கு அது அருமை. மாட்டிறைச்சியின் கனத்தை அது தாங்காது.

டால்சா குருமாவை முந்துகிற ஒரே இடம், ரோஸ்ட் விலா எலும்போடு இருந்தால். கறியை எடுத்துவிட்டு எலும்பைப் பருப்போடு ஒரு மணி நேரம் வேகவையுங்கள். கத்தரிக்காய், கேரட், மாங்காய் பின்னால் போகட்டும், கறித்துண்டுகள் எல்லாவற்றுக்கும் பின்னால். நெய்ச்சோற்றுக்கு இதற்கு ஈடு கிடையாது. கொஞ்சக் கறி நிறைய பேருக்கு வரும் என்பதும் ஒரு வசதி.

எதை வைத்தாலும் விருந்து மேசையில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த இறைச்சியை எடுக்காதீர்கள். வெளி முற்றத்தில், 32 டிகிரிக்கு மேல் வெயிலடிக்கிற பகலில் பரிமாறியிருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஃப்ரிட்ஜில் வைத்தது மூன்று நாலு நாளுக்குள் தீர வேண்டும், சூடாக்கும்போது உள்ளே 74 டிகிரி வர வேண்டும். அன்றைக்கு வேண்டிய இறைச்சியை மட்டும் நறுக்கிப் போடுங்கள். மிஞ்சிய குருமா ஆணத்தைத் தனியாக எடுத்துவைத்தால், அடுத்த நாள் அவித்த முட்டையைப் போட்டுக்கொள்ளலாம்.