முதல் வாட்டர் கூலிங்: ஏஐஓவா, கஸ்டம் லூப்பா?

மே மாத மதியத்தில் மதுரையில் என் அறைக்குள் 36 டிகிரி இருக்கும். ஏசி கிடையாது. முதன்முதலாகக் கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போட நினைக்கிறவர்கள் ரேடியேட்டர் விலையை விசாரிப்பதற்கு முன்னால் தங்கள் அறையின் சூட்டை அளந்து பார்க்க வேண்டும். ப்ராசசரின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் கொடுக்கிறது. ரேடியேட்டர் அதை அறைக் காற்றில் விடுகிறது. இவ்வளவுதான் நடக்கிறது. அறை 36 என்றால் எவ்வளவு செலவழித்தாலும் தண்ணீர் 36க்குக் கீழே இறங்காது.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அப்படியே பாகம் வாங்குவதில் இங்கேதான் சிக்கல். அவர்கள் அறை 22 டிகிரி. நல்ல லூப்பில் (தண்ணீர் சுற்றிவரும் பாதை) முழுச்சுமையில் தண்ணீர் அறையைவிடச் சுமார் 10 டிகிரி மேலே நிற்கும். அவர்களுக்கு 32, நமக்கு 46. பரவலாகப் பயன்படும் டி5 பம்ப் தாங்கக்கூடிய தண்ணீர்ச் சூடு 60 டிகிரி வரைதான். பெட்ஜி என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஹார்ட் டியூப் (விறைப்பான குழாய்) இளக ஆரம்பிப்பதும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். அவர்களுக்குத் தாராளமாக இருக்கும் இடைவெளி நமக்குப் பாதியாகிவிடுகிறது. எல்லாம் சேர்த்து மூடியே விற்கும் ஏஐஓ, பாகம் பாகமாக வாங்கி நாமே கட்டும் கஸ்டம் லூப்பில் வளையும் குழாய் போட்ட சாப்ட் டியூப் லூப், ஹார்ட் டியூப் லூப் என்ற மூன்றில் எது என்பதை இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும்.

ஒரு வார்த்தை, தண்ணீர் இல்லாமல் ஃபேன் காற்றிலேயே ப்ராசசரைக் குளிர்விக்கும் ஏர் கூலருக்கும். ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற ப்ராசசரை வைத்துக் கேம் மட்டும் ஆடுகிறவருக்குத் தண்ணீரே தேவையில்லை. கேமில் அது 100 வாட்டைத் தொடுவதே அரிது. தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் மாதிரி இரட்டை டவர் கூலர் ஒன்று போதும். கெட்டுப்போக அதில் ஃபேனைத் தவிர வேறு எதுவும் இல்லை. 155 மில்லிமீட்டர் உயரம் உங்கள் கேபினெட்டில் அடங்குமா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

250 வாட் தின்னும் ப்ராசசர் என்றால்தான் ஏஐஓவுக்கு வேலை வருகிறது. பம்ப், ப்ராசசர்மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் பிளாக், டியூப், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்துத் தண்ணீர் நிரப்பி மூடிய ஒரே பொருள். பெட்டியைப் பிரித்து ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். ஆனால் மாட்டும் இடத்தில் கவனம் வேண்டும். எந்த ஏஐஓவுக்குள்ளும் கொஞ்சம் காற்று இருக்கும், அது மேட்டைத் தேடிப் போகும். ரேடியேட்டரைக் கேபினெட்டின் கூரையில் மாட்டினால் காற்று அங்கேயே தங்கிவிடும். ரேடியேட்டரைத் தரையில் மாட்டினால் பிளாக்தான் உச்சி. காற்று பம்புக்குள் போய்க் களக் களக் என்று சத்தம் போடும், பம்பின் ஆயுளும் குறையும். முன்பக்கம் மாட்டுகிறவர்கள் ரேடியேட்டரின் மேல் விளிம்பு பிளாக்கைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.

அப்புறம் பம்ப் வயர். மதர்போர்டில் பம்புக்கென்றே உள்ள இணைப்பில் அதைச் செருகி, வேகத்தை ஒரே அளவில் நிறுத்திவிட வேண்டும். ஃபேன் மட்டும் சூட்டுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கட்டும்.

ஏஐஓவின் குறை அதன் வசதியிலேயே இருக்கிறது. மூடிய பொருள் என்பதால் பம்ப் போனால் மொத்தமும் போயிற்று. டியூப் வழியாகத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டும் இருக்கும். பெரும்பாலான ஏஐஓக்களை நம்மால் மறுபடி நிரப்ப முடியாது. ஐந்தாறு ஆண்டு உழைத்தால் நியாயமான ஆயுள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

என்னை ஏஐஓவிலிருந்து நகர்த்தியது அதுவல்ல, கிராபிக்ஸ் கார்டு. என் கம்ப்யூட்டரில் ரைசன் 9 7950எக்ஸ் இருக்கிறது, முழுச்சுமையில் 230 வாட். கூடவே ஆர்டிஎக்ஸ் 3080, 320 வாட். வீடியோ ரெண்டர் ஓடும்போது இரண்டும் சேர்ந்து 550. ஏஐஓ கவனிப்பது அதில் 230ஐ மட்டும். மீதி 320 வாட்டைக் கார்டு கேபினெட்டுக்குள்ளேயே கொட்டுகிறது. கூரையில் இருக்கும் ரேடியேட்டர் அந்தச் சுடுகாற்றைத்தான் இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். பெரிய சூடு கார்டில் இருக்க, காசைக் கொட்டிச் சின்னச் சூட்டை விரட்டுகிறோம். ப்ராசசரோடு கார்டையும் தண்ணீருக்குள் கொண்டுவர முடிகிறது என்பதுதான் கஸ்டம் லூப்பின் உண்மையான நியாயம். ப்ராசசருக்கு மட்டும் கஸ்டம் லூப் போடுவது வீண்செலவு என்றே நினைக்கிறேன்.

செலவு கொஞ்சமல்ல. பம்ப், ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி), இரண்டு பிளாக், ரேடியேட்டர்கள், டியூப்பை இணைக்கும் பிட்டிங் ஒரு டஜனுக்குமேல் என்று கூட்டினால் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் விலை வந்துவிடும். 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் நீளத்துக்கு 100 வாட் என்பது அனுபவக் கணக்கு. அதன்படி என் 550 வாட்டுக்கு இரண்டு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர்கள் வேண்டியிருந்தது. இங்குள்ள வெயிலுக்கு அதில் கஞ்சத்தனம் கூடாது. கார்டுக்கான பிளாக் அந்தக் கார்டின் போர்டு வடிவத்துக்கு அச்சாகப் பொருந்த வேண்டும். ஒரே 3080 ஆனாலும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் போர்டு மாறும். பிட்டிங் மரை மட்டும் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான கால் அங்குல ஜி மரை, கலந்து வாங்கலாம்.

தண்ணீர் முதலில் ப்ராசசருக்குப் போக வேண்டுமா, கார்டுக்கா என்று நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் தண்ணீர் 1 டிகிரி ஏற சுமார் 70 வாட் வேண்டும். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 320 வாட் கார்டைத் தாண்டி வரும் தண்ணீர் ஒன்றரை டிகிரிதான் கூடுதலாகச் சுடும். ஆகவே டியூப் எந்த வழியில் அழகாகப் போகிறதோ அந்த வழியில் விடுங்கள். ரிசர்வாயர் பம்புக்கு மேலே இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாத விதி. பம்புக்குள் போகிற தண்ணீர்தான் அதற்கு எண்ணெய் மாதிரி. காய்ந்து ஓடினால் சீக்கிரமே கெட்டுவிடும்.

உலோகத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பாக இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அலுமினியம் ரேடியேட்டரைச் சேர்த்தால் இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் நின்று அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். என்ன தண்ணீர் என்ற கேள்விக்கு: போர் தண்ணீர் கூடவே கூடாது, வீட்டு ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம், அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டரில் பாசி பிடிக்காமலும் அரிக்காமலும் இருக்கச் சேர்மானம் கலந்துகொள்ளலாம், அல்லது கலந்தே விற்கும் கூலன்ட் வாங்கலாம். பால் மாதிரி நிறமுள்ள கூலன்ட் முதல் லூப்புக்கு வேண்டாம். அதன் துகள் நாளடைவில் படிந்து பிளாக்குக்குள் இருக்கும் முடிபோன்ற இடுக்குகளை அடைத்துவிடும்.

லீக் டெஸ்ட்டை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். மதர்போர்டுக்கோ கார்டுக்கோ கரன்ட் போகாமல், கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் இணைப்பில் ஜம்பர் செருகிப் பம்பை மட்டும் ஓடவிட வேண்டும். ஒவ்வொரு பிட்டிங்குக்குக் கீழேயும் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்துவிட்டு நான் இரவு பதினொரு மணிக்குப் பம்பை ஓடவிட்டேன். ரிசர்வாயரில் குமிழிகள் நுரைத்துச் சுழன்றன, கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்க்கச் சாய்க்க அடங்கின. இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. ஒரு மணிக்குப் பார்த்தபோது கார்டுக்குக் கீழே இருந்த பேப்பரின் ஓரத்தில் மட்டும் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு வட்டம் நிறம் மாறியிருந்தது. தொட்டால் ஈரம். அந்த பிட்டிங்கை நான்தான் கோணலாக முறுக்கியிருந்தேன். உள்ளே ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் நசுங்கி ஒதுங்கியிருந்தது. தண்ணீரை இறக்கி, புது ஓ ரிங் போட்டு, மறுபடி 24 மணி நேரம் ஓடவிட்டேன். அந்த பேப்பர் இல்லாமல் நேராகக் கரன்ட் கொடுத்திருந்தால் கார்டு போயிருக்கும்.

சரி, சாப்ட் டியூப்பா ஹார்ட் டியூப்பா? என் சித்தப்பா மகன் போனில் இதைத்தான் கேட்டான். “அண்ணே, செய்றதே செய்றோம், ஹார்ட் டியூப்பே போட்டுடலாமா?” பார்க்க ஹார்ட் டியூப் அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவையும் ஹீட் கன்னில் காட்டி, உள்ளே சிலிகான் கயிறு விட்டு, அளவு தவறாமல் வளைக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் டியூப் பிட்டிங்கில் நேராக உட்காராது, அங்கேயே கசியும். சாப்ட் டியூப் அந்தப் பிசகைத் தானே வாங்கிக்கொள்ளும். உள்ளே 10, வெளியே 16 மில்லிமீட்டர் அளவு எடுத்தால் சுவர் தடிமனாக இருப்பதால் வளைவில் மடங்காது. கண்ணாடி மாதிரியான டியூப் நாளாக நாளாக மங்கும். கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் டியூப்புக்கு அந்தத் தொல்லை இல்லை, நான் அதைத்தான் போட்டேன். ஹார்ட் டியூப்தான் வேண்டும் என்கிறவர்கள் இந்தச் சூட்டுக்கு பெட்ஜியை விட்டுவிட்டு அக்ரிலிக் எடுங்கள்.

பராமரிப்பில் ஏஐஓ சுலபம்: ரேடியேட்டர் இடுக்கில் சேரும் தூசியை மாதம் ஒருமுறை ஊதினால் போதும். கஸ்டம் லூப்பில் ஆண்டுக்கு ஒருமுறையாவது தண்ணீரை இறக்கி மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒன்று அதற்கே போய்விடும். லூப்பின் அடிமட்டத்தில் வடிகால் வால்வு ஒன்றைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

சித்தப்பா மகனிடம் என்ன ப்ராசசர், என்ன கார்டு என்று கேட்டேன். கோர் ஐ7 14700கே, உச்சத்தில் 253 வாட். கார்டு பழைய ஆர்டிஎக்ஸ் 3060, 170 வாட்தான். “உன் சூடு ப்ராசசர்லதான்டா இருக்கு, 360 ஏஐஓ வாங்கிக் கூரையில மாட்டு” என்றேன். வாங்கிவிட்டான். கார்டை மாற்றும்போது சாப்ட் டியூப் லூப்பைப் பற்றி மறுபடி பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.