மேனேஜர் சரியில்லையா, கம்பெனியே சரியில்லையா? இருப்பது, டீம் மாறுவது, விலகுவது: ஓர் ஒப்பீடு

ராத்திரி பத்து மணிக்கு வரும் கால், சனிக்கிழமை காலையில் வந்து விழும் "சின்ன வேலை", லீவு நாளிலும் மூடாத லேப்டாப். ஐ.டி. வேலையில் இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான் இருக்கின்றன. அதே டீமில் இருந்துகொண்டு எல்லை வகுப்பது, கம்பெனிக்குள்ளேயே வேறு டீமுக்குப் போவது, பேப்பர் போட்டுவிட்டு வெளியேறுவது. மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். எதை முதலில் செய்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் டெட்லைனுக்கு வாக்குக் கொடுப்பவர் யார்? மேனேஜரா, அவருக்கும் மேலே உட்கார்ந்து ஒப்பந்தம் பேசுபவர்களா? பக்கத்து டீமைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அவர்களுக்கும் அதே கிளையன்ட், ஏறக்குறைய அதே வேலை. ஆனால் நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்றால் சிக்கல் உங்கள் மேனேஜரிடம் இருக்கிறது. அவர்களும் நள்ளிரவில்தான் டிக்கெட் (பதிவான வேலை) மூடுகிறார்கள் என்றால், எட்டுப் பேர் செய்ய வேண்டியதை ஐந்து பேர் செய்வார்கள் என்று ஒப்புக்கொண்ட இடத்தில் சிக்கல். முதல் வகைக்கு டீம் மாறினால் தீரும். இரண்டாவதற்குத் தீராது.

இருந்துகொண்டே எல்லை வகுப்பதை எடுத்துக்கொள்வோம். மேனேஜர் கெட்டவர் அல்ல, பழகாதவர் என்றால் இது பலிக்கும். நன்றாகக் கோட் எழுதினார் என்பதற்காக மேனேஜர் ஆக்கப்பட்டவர்கள் நிறைய. ஆட்களை நடத்த அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அவர்களிடம் "முடியாது" என்று சொல்வதைவிட, "இது இந்த ஸ்பிரிண்டுக்குள் (சில வார வேலைச் சுற்றுக்குள்) வந்தால் எதை வெளியே எடுக்கலாம்?" என்று மெயிலில் கேளுங்கள். தேர்வு அவர் கைக்குப் போகிறது, எழுத்திலும் பதிவாகிறது.

பேசுவதற்கு ஆதாரமும் இருக்கிறது. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் பதிவுகளை ஜான் பென்கவெல் என்ற பொருளியலாளர் 2014-ல் அலசினார். வாரம் 70 மணி நேரம் உழைத்தவர்கள் 56 மணி நேரம் உழைத்தவர்களைவிட அதிகமாக ஒன்றும் உற்பத்தி செய்துவிடவில்லை. அது கையால் செய்யும் வேலை. களைத்த மூளை எழுதிய கோடில் வரும் பிழையைத் திருத்த மறுநாளும் சேர்ந்து போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தாமதமான ப்ராஜெக்டில் புது ஆட்களைக் கொட்டினால் இன்னும் தாமதமாகும் என்று ஐ.பி.எம்.மில் பெரிய மென்பொருள் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய இணைப்புகள் 10. பத்துப் பேர் ஆனால் 45. பழைய ஆட்களின் நேரம் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே கரைகிறது.

ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. ராத்திரி அவசரத்துக்கு யார் எழுவது என்ற ஆன்-கால் பொறுப்பு முறை வைத்துச் சுழலவில்லை என்றால், நீங்கள் போனை அணைத்த ராத்திரி பக்கத்து சீட்டுக்காரர் எழுப்பப்படுவார். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தன. சட்டம் இருக்கும் இடத்திலும் மாற்று ஆள் இல்லாத டீமில் அந்த உரிமையைப் பயன்படுத்த மனசு வராது. இன்னோர் அறிகுறி: தனியாகப் பேசும்போது "சரி, நியாயம்தான்" என்று தலையாட்டும் மேனேஜர், கிளையன்ட் முன்னால் அதற்கு நேர்மாறாக ஒப்புக்கொள்வார். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாவது முறைக்குக் காத்திருக்காதீர்கள்.

டீம் மாறுவதைப் பலர் யோசிப்பதே இல்லை. சம்பளம் நிற்காது, சிஸ்டம் எல்லாம் தெரிந்தது, புது இடத்தில் உங்களை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியதும் இல்லை. சிக்கல் ரிலீஸ் வாங்குவதில், அதாவது பழைய டீம் உங்களை விடுவிப்பதில். நீங்கள் பில்லிங்கில் இருந்தால் (உங்கள் நேரத்துக்குக் கிளையன்ட் பணம் தருகிறார் என்றால்), மாற்று ஆள் வரட்டும், கே.டி. (அவருக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்து ஒப்படைப்பது) முடியட்டும் என்று மாதக் கணக்கில் இழுப்பார்கள். எனக்கு இதைவிடப் பெரிய அடி அப்ரைசலில், அதாவது வருடாந்திர மதிப்பீட்டில் விழுந்தது. ரேட்டிங்குக்கு இரண்டு மாதம் முன்பு மாற்றம் கேட்டேன். அந்த வருடம் என்னைப் பற்றி எழுதியவர் விட்டுப்போகும் பழைய மேனேஜர்தான். புதியவர் என் வேலையைப் பார்த்ததே இல்லை. ரேட்டிங் கைக்கு வந்த பிறகு கேட்டிருக்க வேண்டும். போகும் டீமின் மேனேஜரிடம் பேசும் முன் அவருக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் பேசுங்கள்.

விலகுவதில் எது சரி என்பதைவிட எப்போது என்பதுதான் கடினம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்-அவுட்டை வேலை சார்ந்த நிலை என்று வகைப்படுத்தியபோது மூன்று கூறுகளைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு வருவது, வேலைத்திறன் குறைவது. இந்த மூன்றாவதுதான் ஆளைக் கட்டிப்போடுகிறது. "எனக்கு வெளியே யார் வேலை தருவார்கள்" என்ற எண்ணம் வருவது அப்போதுதான். அது வரும் முன்பே இன்டர்வியூக்களுக்குப் போகத் தொடங்குங்கள். சில மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்காமல், ஆஃபர் இல்லாமல் பேப்பர் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், உடம்பு எச்சரிக்கும் நிலையைத் தவிர. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து மதிப்பிட்டன. நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் வாரக் கணக்கில் நீடித்தால், அப்ரைசலும் போனஸும் அப்புறம், முதலில் டாக்டர்.

விலகினால் சம்பளம் ஏறலாம். ஆனால் அதே நோய் உள்ள இன்னொரு இடத்தில் போய் விழும் வாய்ப்பும் இந்த வழியில்தான் அதிகம். உள்ளே இருப்பவரை விசாரிக்கப் பக்கத்து டீம் அங்கே கிடையாது. இன்டர்வியூ ஒன்றுதான் வாய்ப்பு. "வேலை-வாழ்க்கைச் சமநிலை எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். போன மாதம் ஆன்-காலில் எத்தனை முறை ராத்திரி எழுப்பப்பட்டார்கள், இந்த டீமிலிருந்து கடைசியாகப் போனவர் ஏன் போனார், ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்ற எஸ்டிமேட்டை யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். தயங்கினால் அதுவும் பதில்தான்.

பக்கத்து டீம் நிம்மதியாக இருந்தால், எல்லை வகுத்துப் பார்க்க, மென்பொருளின் அடுத்த ரிலீஸ் வெளியாகும் வரை நேரம் கொடுப்பேன். மாறாவிட்டால் டீம் மாறுவேன். எல்லா டீமும் எரிந்துகொண்டிருந்தால் நடுவில் நிற்காமல் நேராக வெளியே போவேன்.

கடைசியாக நான் மாறியபோது, "போன முறை டெட்லைன் தவறியதும் என்ன நடந்தது?" என்று அந்த டீம் லீடிடம் கேட்டேன். "இரண்டு வாரம் தள்ளிப்போகும் என்று தெரிந்த அன்றே கிளையன்ட்டிடம் சொல்லிவிட்டோம். இரண்டு ஃபீச்சரை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளினோம், அவ்வளவுதான்" என்றார். அங்கேதான் சேர்ந்தேன்.