கேட்டால் செய்வதா, கேட்காமலே செய்வதா?

வேலை போனவர், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்ப்பவர், நெருங்கியவரை இழந்தவர் என யாரைப் பார்த்தாலும் நம் வாயில் முதலில் வருவது, “என்ன உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்” என்பதுதான். மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால் உடைந்துபோய் இருப்பவருக்கு, என்ன தேவை என்று யோசிப்பதே ஒரு வேலை. வாய்விட்டுக் கேட்பது அதைவிடப் பெரிய வேலை. பலர் கேட்பதே இல்லை.

“நாளைக் காலை எட்டு மணிக்கு வந்து பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிடுகிறேன், சரியா?” என்று கேட்டால், அவர் தலையசைத்தால் போதும். மருத்துவமனையில் ஓர் இரவு துணைக்கு இருப்பது, காப்பீட்டுப் படிவத்தைக் கூடவே உட்கார்ந்து நிரப்பித் தருவது எல்லாம், அவர் கேட்காமலே நாமாக முன்வந்து செய்யும் இந்த வகைதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் ஆதரவை நான்காகப் பிரித்தார்: மனதுக்குத் துணை, செயலில் உதவி, தகவல், ஒருவர் தன்னைத் தானே எடைபோட உதவும் கருத்து. நாமோ பெரும்பாலும் தகவலை, அதாவது அறிவுரையை, அள்ளிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

கேட்டால் செய்வது என்ற முதல் வழிக்கும் இடமுண்டு. அதிகம் பழக்கமில்லாதவர் என்றால் கேட்கும்வரை காத்திருப்பதே மரியாதை. நெருங்கியவர் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அப்புறம், அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். சில வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். ஆரம்பத்தில் சூழ்ந்திருந்தவர்கள் அதற்குள் அவரவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள்.