தரங்கம்பாடி கோட்டை: மத்தியானம் போய்விடாதீர்கள்

போன மாதம் குடும்பத்தோடு தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்குப் போனோம். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620இல் கட்ட ஆரம்பித்தது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரையே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அதன்பிறகு 1860 வரை தஞ்சாவூர் மாவட்டத்துக்கே தலைமையிடம் இந்த ஊர்தான், இன்று பார்த்தால் நம்ப முடியாது, வெறும் பேரூராட்சி.

உள்ளே அருங்காட்சியகம் சின்னதுதான், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் பழைய காசுகளையும் பீங்கான் துண்டுகளையும் விட்டு என் பையன் நகரவே மாட்டேன் என்று நின்றான். எனக்குப் பிடித்தது கீழ்த்தளம்: சமையலறை, கிடங்கு, சிறை எல்லாம் ஒரே வரிசையில், வளைவான கூரை, வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளு. முற்றத்தில்தான் கால் பொசுங்கியது, சாயங்காலமாகப் போங்கள்.

கடற்கரையில் ஒரு கடையில் மீன் வறுவல் வாங்கினோம். மசாலா புதுசு, மீன் பழசு. சரி, போகட்டும் என்று பக்கத்திலேயே மாசிலாமணி நாதர் கோயிலுக்கு நடந்தோம். 1306இல் கட்டியது, முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தக் கற்கள்மேல் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.