செர்ரி இறாலா, அமானோவா? வடசென்னைச் செடித் தொட்டிக்கு எது சரி

கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் "பாசி திங்கிற இறால் இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று கவருக்குள் வரும்: சிவப்பு செர்ரி, அல்லது வெளிறிய உடம்பில் வரிசையாகப் புள்ளி வைத்த அமானோ. பாசி தின்பதை மட்டும் பார்த்தால் அமானோதான் ஜெயிக்கும், கேள்வியே இல்லை. இருந்தாலும் வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ தண்ணீருக்குள் செடி வளர்க்கும் ஒன்றரை அடி மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு நான் செர்ரியைத்தான் கை காட்டுவேன்.

அமானோவின் பெருமையை முதலில் சொல்லிவிடலாம். செடித் தொட்டி அழகை உலகத்துக்கே காட்டிய ஜப்பானியர் தகாஷி அமானோ, பாசியை அடக்க இதைத் தன் தொட்டிகளில் விட்டார். அவர் பெயரே இறாலுக்கும் ஒட்டிக்கொண்டது. 5 செ.மீ. வரை வளரும். பாசிக்கொத்தில் ஏறி உட்கார்ந்து, முன்கால்களால் மாற்றி மாற்றி நூலைப் பிய்த்து வாயில் திணிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். செர்ரிக்கு அந்த வேகம் கிடையாது. 3 செ.மீ. உடம்பை வைத்துக்கொண்டு இலைமேல் படிந்த வழவழப்பையும் இளம்பாசியையும் மேயும். நீள நூல் பாசியை அவ்வளவாகச் சீண்டாது. கண்ணாடியில் ஒட்டிய பச்சைப் புள்ளிகளை இரண்டுமே சுரண்டாது, அதற்கு பிளேடுதான்.

இன்னொன்று: அமானோ சாப்பாட்டுராமன். மீன் தீனி தாராளமாக விழும் தொட்டியில் அது பாசிப் பக்கமே திரும்பாது.

அப்புறம் ஏன் செர்ரி? நம் ஊர் வெயில்தான் காரணம். இரண்டுக்குமே 22 முதல் 27 டிகிரிதான் சுகம். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32-ஐத் தொடும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். தண்ணீர்ப் பரப்பின்மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கரண்ட் போனால் அதுவும் இல்லை. ஆக, கோடையில் சில சாவது நிச்சயம். செர்ரி நன்னீரிலேயே பெருகும்: பெண்ணின் முதுகில் மஞ்சள் திட்டு தெரியும், பிறகு வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்து விசிறிக்கொண்டே இருக்கும், மூன்று நாலு வாரத்தில் பெரிய இறாலின் அதே உருவில் பொடிக்குஞ்சுகள் வெளியே வரும். மே மாதத்தில் பாதி இறால் செத்தாலும் தீபாவளிக்குள் கூட்டம் சேர்ந்துவிடும். அமானோ குஞ்சு வளர உப்பு கலந்த தண்ணீர் வேண்டும். அது வீட்டுத் தொட்டியில் நடக்கிற காரியமில்லை. விலையும் கூடுதல், செத்தால் மறுபடி காசு.

தண்ணீர் விஷயத்திலும் செர்ரிக்குத்தான் சகிப்பு அதிகம்; கொஞ்சம் கடினமான போர் தண்ணியைத் தாங்கும். ஆனால் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கடலை ஒட்டிய தெருக்களில் வரும் உப்புத் தண்ணியை அப்படியே ஊற்றாதீர்கள். அதற்காக முழுக்க ஆர்.ஓ. தண்ணியும் கூடாது: கால்சியம் இல்லாமல் ஓடு கழற்றும்போது பாதியில் சிக்கிச் செத்துவிடும். இரண்டையும் கலந்து, தண்ணியில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 200-300 காட்டினால் போதும். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கட்டாயம்.

பலர் யோசிக்காதது கொசு மருந்து. லிக்விடிலும் ஸ்ப்ரேயிலும் இருக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மீனைவிட இறாலைச் சீக்கிரம் சாய்க்கும், செர்ரி அமானோ பேதமில்லை. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணிக்குள் விடுகிறது என்பதை மறக்கக் கூடாது. தெருவில் கொசுப் புகை அடிக்கும் வண்டியின் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, பம்பை நிறுத்தி, தொட்டியை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிடுங்கள். தாமிரம் கலந்த மீன் மருந்தும் அதே கதைதான்.

ஏற்கெனவே நூல் பாசி மண்டிய இரண்டடித் தொட்டியென்றால் அங்கே மட்டும் என் ஓட்டு மாறும்: மூன்று நாலு அமானோ விடுங்கள், மூடி போடுங்கள், ஏறி வெளியே குதிக்கும். விளக்கை ஆறு மணி நேரத்துக்குமேல் எரிய விடாதீர்கள். செர்ரியும் கூடவே இருக்கலாம், இரண்டும் கலந்து இனம் பெருக்காது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்ணாடி போல உடம்பு தெரியும் "கோஸ்ட்" இறாலை வாங்கும் முன் அதன் முன்கால்களைப் பாருங்கள். நுனியில் கொடுக்கோடு ஒரு ஜோடிக் கால் மெலிந்து நீண்டிருந்தால் அது ஆற்று இறால் குஞ்சாக இருக்கலாம். வளர்ந்தபின் செர்ரிகளைத்தான் தின்னும்.