அலியா டைசனா? முதலில் எந்த வருடத்து அலி என்று சொல்லுங்கள்

1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரு குத்துச்சண்டையைக் காட்டினார்கள், ஹெவிவெயிட் சாம்பியன்களான முகமது அலிக்கும் ராக்கி மார்சியானோவுக்கும். மார்சியானோ 1956-இல் ஓய்வு பெற்றபோது அலிக்கு வயது 14, ஆகவே இவர்கள் நிஜத்தில் மோதியதே கிடையாது. 1969-இல் இருவரையும் ரிங்குக்குள் கூட்டிவந்து, விதவிதமான முடிவுகளைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, கணினி சொன்ன தீர்ப்பு என்று ஒன்றைக் கடைசியில் சேர்த்து வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பார்த்தவர்களுக்கு 13-ஆவது சுற்றில் மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். மார்சியானோ இரண்டையும் பார்க்கவில்லை, படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களிலேயே விமான விபத்தில் போய்விட்டார்.

வெவ்வேறு காலத்து வீரர்கள் மோதினால் யார் ஜெயிப்பார் என்று பேசும்போது நாமும் இன்றுவரை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அவரவருக்குப் பிடித்த முடிவை ஒட்டிக்கொள்கிறோம். எந்த வருடத்து ஆள், எத்தனை சுற்று, எதிரே நிற்பவரின் பாணி என்ன என்ற மூன்றையும் சொல்லாமல் பேரை மட்டும் மோதவிட்டால் விவாதம் விடியும்வரை ஓடும், ஒன்றும் தேறாது.

அதிகம் பேசப்படுகிற ஜோடியையே எடுத்துக்கொள்வோம். அலி என்றால் நான் எடுப்பது 1966 நவம்பர் அலி, வயது 24, ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றாவது சுற்றில் முடித்தவர். டைசன் என்றால் 1988 ஜூன் டைசன், 22 வயது முடிய மூன்று நாள் இருக்கும்போது மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்தவர். இரண்டுமே கண்ணைக் கூசவைக்கும் சண்டைகள்தான், ஆனால் இரண்டையும் அப்படியே சாட்சிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. வில்லியம்ஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பு போலீஸ்காரர் ஒருவரால் சுடப்பட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்திருந்தவர். ஸ்பிங்க்ஸ் லைட் ஹெவிவெயிட் என்ற குறைந்த எடைப் பிரிவிலிருந்து மேலே வந்தவர், அன்று மணி அடிக்கும் முன்பே அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

டைசன் ரசிகர்களின் வாதத்தில் பலம் இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அலி கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, அடி வரும்போது குனியாமல் பின்னால் சாய்வார். பாடப்புத்தகப்படி அது தப்பு. அந்தத் தப்புக்கு விலை வாங்கியது எப்போதும் இடது ஹுக்தான், கையை வளைத்துப் பக்கவாட்டில் வீசும் குத்து: 1963-இல் ஹென்றி கூப்பர், 1971-இல் 15-ஆவது சுற்றில் ஜோ ஃப்ரேசியர். டைசனுடைய இடது ஹுக் எப்படிப்பட்டது என்று தெரிய 1986-இல் ட்ரெவர் பெர்பிக் விழுந்ததைப் பார்க்க வேண்டும். ஒரே அடி. விழுந்தார், எழுந்தார், கால் நிற்காமல் கயிற்றுப் பக்கம் போய் விழுந்தார், மறுபடி எழுந்தார், இந்தத் தடவை வேறு பக்கமாகச் சரிந்தார். ஓர் அடிக்கு மூன்று முறை. (அதே பெர்பிக் 1981-இல் அலியை ஜெயித்தவர், அதனால் டைசனும் ஜெயிப்பார் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அன்று ரிங்கில் நின்றது கிட்டத்தட்ட 40 வயது அலி, கையும் வாயும் குழற ஆரம்பித்திருந்த மனிதர். தயவுசெய்து அந்தச் சண்டையை விட்டுவிடுங்கள்.)

ஆனால் டைசன் உச்சத்தில் இருந்த அதே காலத்தில் டில்லிஸ், கிரீன், போன்கிரஷர் ஸ்மித், டக்கர் என்று வரிசையாக ஆட்கள் கடைசிச் சுற்றுவரை நின்றிருக்கிறார்கள். சிலர் நகர்ந்துகொண்டே இருந்தார்கள், ஸ்மித் 12 சுற்றும் கட்டிப்பிடித்தே ஓட்டினார். அலிக்கு இரண்டுமே கைவந்த கலை, அதிலும் எதிராளியின் பிடரியில் கையைப் போட்டுக் கீழே அழுத்துவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, 1974-இல் ஃப்ரேசியரை இரண்டாம் முறை சந்தித்தபோது பாதிச் சண்டையை அப்படித்தான் கொண்டுபோனார். 178 செ.மீ. உயரமுள்ள டைசன் உள்ளே நுழைய வேண்டும், நுழைந்ததும் கை ஓட வேண்டும், அங்கே அவரை அமுக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து நுழைய வேண்டும். அப்புறம் 1990 டோக்கியோ, டைசன் முதல்முறை தோற்ற சண்டை. பஸ்டர் டக்ளஸ் செய்தது என்ன? நீளமான ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து), பின்னாலேயே வலது கை, நெருங்கினால் பிடி. அந்த டைசன் சரியாகத் தயாராகாத டைசன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டக்ளஸும் அலி அளவு வேகமான ஆள் இல்லையே. முதல் நான்கு சுற்றில் அலி ஒருமுறை கீழே விழலாம், அது நடக்காது என்று சொல்ல மாட்டேன். விழுந்தால் எழுவார், கூப்பரிடமும் ஃப்ரேசியரிடமும் எழுந்தார். 9, 10-ஆவது சுற்றில் அலி முடிப்பார். டைசனே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அலிதான் என்று சொல்லியிருக்கிறார், ஆனால் அது மரியாதை, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

1973 ஜார்ஜ் ஃபோர்மனோடு டைசனை நிறுத்தினால் கதை சட்டென்று முடிந்துவிடும். அந்த வருடம் கிங்ஸ்டனில் குனிந்து ஆடி முன்னே வந்த ஃப்ரேசியரை ஃபோர்மன் இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை வீழ்த்தினார்: இரு கையாலும் தள்ளி தூரத்தைச் சரிசெய்வது, தலை கீழே வரும்போது கீழிருந்து மேலே ஒரு குத்து, அதாவது அப்பர்கட். டைசன் ஃப்ரேசியரைவிட வேகமாகத் தொடங்குபவர், 1976-இல் ரான் லைல் ஃபோர்மனையே விழவைத்தார், அதனால் முதல் நிமிடத்தில் எதுவும் நடக்கலாம். அதைத் தாண்டினால் ஃபோர்மன்.

மார்சியானோவை இழிவாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். 49 சண்டை, தோல்வியே இல்லை. ஆனால் 84 கிலோ மனிதரை 1990-களின் சாம்பியன், 111 கிலோ லெனாக்ஸ் லூயிஸ் முன்னால் நிறுத்துவது அவருக்குச் செய்யும் நியாயம் அல்ல. கை நீளத்தில் மட்டும் 40 செ.மீ. வித்தியாசம். லூயிஸை மெக்காலும் ரஹ்மானும் ஒற்றை வலது கையில் சாய்த்தார்களே என்றால், சரி, அவர்கள் இருவருமே பெரிய உடம்புக்காரர்கள். இன்றைக்கு இருந்தால் மார்சியானோ ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூசர்வெயிட்டில் ஆடியிருப்பார், அங்கே அவரை நினைத்து யாருக்கும் தூக்கம் வந்திருக்காது.

சுற்றுகளின் எண்ணிக்கையை ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால் அதுவும் மார்சியானோவால்தான். 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் 12 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளி அட்டையிலும் அவர் பின்தங்கியிருந்தார். 13-ஆவது சுற்றில் வால்காட் கயிற்றில் முதுகு படும் அளவுக்குப் பின்வாங்க, குட்டையாக ஒரு வலது கை, முடிந்தது. இன்றைய 12 சுற்று விதி அன்றிருந்தால் பட்டமும் இல்லை, 49-0 என்ற எண்ணும் இல்லை. 1941-இல் ஜோ லூயிஸ் பில்லி கானை நாக் அவுட் செய்ததும் 13-ஆவதில்தான், அதுவரை முன்னணியில் இருந்தது கான். பழைய சாம்பியன்கள் 15 சுற்றுக்கு மூச்சைப் பங்குபோட்டு ஆடியவர்கள், அவர்களை நம் விதிக்குள் திணித்துவிட்டு மெதுவாகத் தொடங்குகிறார்கள் என்று குறை சொல்கிறோம்.

எனக்கு உண்மையிலேயே விடை தேடவைக்கும் ஜோடி அலியும் நம் காலத்து உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக்கும். உயரம் ஒன்று, 191 செ.மீ. கை நீளமும் ஒன்று, 198 செ.மீ. இருவருமே கால் நகர்வை நம்பிச் சண்டை போடுபவர்கள், இருவருமே ஒலிம்பிக் தங்கம். உசிக் இடங்கைக்காரர் என்பது பெரிய விஷயம், ஏனென்றால் அலி தன் உச்சத்தில் சந்தித்த இடங்கைக்காரர் கார்ல் மில்டன்பெர்கர், 1966 ஃப்ராங்க்ஃபர்ட். யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு அவர் இடது கையால் அலியின் விலாவில் அடித்துத் தொல்லை கொடுத்தார், அலிக்கு முடிக்க 12-ஆவது சுற்றுவரை ஆனது. உசிக் அவரைவிடப் பல படி மேல். இன்னொரு பக்கம், உசிக்கிடம் எல்லோரும் குறிவைக்கும் இடம் வயிறு. அலியோ வயிற்றில் அடிக்கவே விரும்பாதவர், வாழ்நாள் முழுக்கத் தலையைத்தான் தேடினார்.

அலிக்கு இருக்கும் திறவுகோல் கின்ஷாசாவில், அவர் ஃபோர்மனை ஜெயித்த சண்டையில் இருக்கிறது. 1974-இல் முதல் சுற்றில் அலி ஜாப் இல்லாமல் நேரடியாக வலது கையை முதலில் விட்டார், ஃபோர்மன் மாதிரி ஆளிடம் அப்படிச் செய்வது உயிரோடு விளையாடுவது, இருந்தும் மறுபடி மறுபடி போய் முகத்தில் இறங்கியது. இடங்கைக்காரருக்கு எதிராகப் பயிற்சியாளர்கள் முதலில் சொல்லித்தரும் அடியே அதுதான். அந்த மூளையும் 1966-இன் கால்களும் ஓர் உடம்பில் ஒருபோதும் சேரவில்லை, 1967-இலிருந்து மூன்றரை வருடம் ரிங்கை விட்டுத் தள்ளிவைத்தது அதைச் சாகடித்துவிட்டது, இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதனால் என் தீர்ப்பு இரண்டாக வருகிறது. 1974 அலி என்றால் உசிக், ஏனென்றால் அந்த வயது அலி நடுவில் சில சுற்றுகளை ஓய்வுக்கு விட்டுக்கொடுப்பார், உசிக் அவற்றை ஒன்று விடாமல் பொறுக்கிக்கொள்வார். 1966 அலி என்றால், 12 சுற்றில், ஓரிரு புள்ளியில் அலி. முதல் ஆறு சுற்றை வேகத்தாலேயே எடுப்பார், பிறகு உசிக் அழுத்த ஆரம்பிப்பார், தான் ஜெயித்த சாம்பியன்கள் ஃப்யூரியையும் ஜோஷுவாவையும் அவர் பிற்பாதியில்தான் உலுக்கினார். 15 சுற்று என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, அந்தக் கடைசி மூன்று சுற்றில் உசிக்கின் இடது கை விலாவைத் தேடி வந்துகொண்டே இருக்கும்.